படத்தின் கீழ் விளிம்பு

பெங்களூரு கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் பூக்கடை இரைச்சலைக் கடந்து சற்று நடந்தால், பழைய கோட்டையில் எஞ்சிய டெல்லி வாசல் நிற்கிறது. 1791 மார்ச் 21 அன்று இங்கிருந்த பிளவின் வழியே ஆங்கிலப் படை தாக்கி நுழைந்ததை அருகிலொரு கல்வெட்டு அறிவிக்கிறது. கோட்டையின் பெரும்பகுதி இன்றில்லை. அது எப்படி இருந்தது என்று காண விழைவோர், முற்றுகையிட்டவர்களோடு வந்தவர்கள் வரைந்த படங்களையே நாட வேண்டியிருக்கிறது.

காரன்வாலிஸின் படையைத் தொடர்ந்த ஓவியர் ராபர்ட் ஹோம் வரைந்த மைசூர்க் காட்சிகள், 1794இல் லண்டனில் செப்புத்தகட்டு அச்சுகளாகி நூலாக வெளிவந்தன. பெங்களூரின் கிழக்குத் தோற்றமும் அவற்றுள் ஒன்று. தகடு செதுக்குவோருக்கு ஊரைக் காண வேண்டிய தேவை இல்லை. ஓவியம் கையிலிருந்தால் போதும். அச்சில் இடவலம் மாறும் என்பதால், தகட்டில் அதைக் கண்ணாடி பிம்பமாக வெட்டுவார்கள். ரஃபேலின் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பியவையும் மார்க்கன்டோனியோ ரைமோண்டி செதுக்கிய இத்தகைய அச்சுகளே.

இவ்வச்சுகளில் முதலில் படிக்க வேண்டியது கீழ் விளிம்பை. இடப்புறம் ஓவியர் பெயரோடு ‘பின்க்ஸிட்’, தீட்டினார். வலப்புறம் செதுக்கியவர் பெயரோடு ‘ஸ்கல்ப்ஸிட்’, செதுக்கினார். இரண்டும் இலத்தீன் இறந்தகால வினைமுற்றுகள். ஓவியர் ஹோகார்த் முதலியோரின் முயற்சியால் எழுந்த 1735ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம், உரிமையாளர் பெயரையும் வெளியான நாளையும் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. கள்ள நகலைத் தடுக்க வந்த அவ்விதிதான் இன்று ஆய்வாளருக்குக் காலத்தைச் சொல்கிறது.

சேகரிப்பாளர் பலருக்கோ விளிம்பு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஐரோப்பியச் செல்வர் பலர் அச்சுகளைப் படம்வரை நறுக்கி ஆல்பங்களில் ஒட்டினார்கள். பின்வந்த வணிகர்கள் நூல்களைப் பிரித்துத் தாள்தாளாக விற்றார்கள். (நூலகர்கள் இதை எளிதில் மன்னிப்பதில்லை.) சட்டமிடும்போது அட்டைக்குள் மறையும் எழுத்து, கைப்பேசியில் பகிரும்போது அடியோடு வெட்டுப்படுகிறது. எஞ்சுவது ‘அந்தக் காலத்துப் பெங்களூரு’ என்னும் இனிய நிலக்காட்சி. போரை நினைவூட்டும் பெயரும் நாளும் அதில் இல்லை. படையெடுப்பின் பதிவு, வரவேற்பறை அலங்காரமாகிவிடுகிறது.

விளிம்பு முழுதாகக் கிடைத்தாலும் அதில் பெயர் பெறுவோர் தீட்டியவர், செதுக்கியவர், வெளியிட்டவர் மட்டுமே. அன்றிரவு கோட்டையைக் காத்து மடிந்த கில்லேதார் பகதூர் கானின் பெயர் மார்க்கெட் கல்வெட்டிலும் இல்லை.