ஒண்ணாம் நம்பர் கூண்டும் அமிர்தவர்ஷிணியும்

பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் பருவகாலங்கள் பற்றிய பாடம் என்றால் இலையுதிர் காலத்துக்கு ஒரு படம் கட்டாயம் இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் கொட்டிக் கிடக்கும். கம்பளிச் சட்டை போட்ட ஒரு சிறுமி அதன் மேல் நடந்து போவாள். தூத்துக்குடியில் உட்கார்ந்து அந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற பிள்ளைக்கு நியாயமான ஒரு சந்தேகம் வரும். இந்த ஊரில் எந்த மரம் இப்படி இலையை உதிர்க்கிறது? பனையின் காய்ந்த ஓலை மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். உடைமரத்தின் இலை உதிர்ந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. பனி என்ற சொல்கூட இந்த ஊரில் பனிமய மாதா கோவிலின் பெயரில்தான் அதிகம் புழங்குகிறது. அந்தத் திருவிழாவும் ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கொளுத்தும் வெயிலில்!

அப்படியானால் இந்த ஊருக்கு அந்தப் பருவமே இல்லையா? இருக்கிறது, பெயர்தான் வேறு. பழந்தமிழர் ஆண்டை ஆறாகப் பிரித்தபோது ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் வைத்த பெயர் கூதிர். குளிர்காற்று வீசும் காலம் என்று பொருள். வடகிழக்குப் பருவமழை வருகிற காலமும் இதுதான்.

கூதிர் வந்துவிட்டது என்பதைத் தூத்துக்குடிக்காரருக்கு மரம் சொல்வதில்லை, துறைமுகம் சொல்கிறது. "ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காவ" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் போதும். வங்கக் கடலில் எங்கோ தொலைவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு சுழல ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும், பத்து என்றால் பேராபத்து. மழை வரப்போவதை எண்ணாகச் சொல்லும் ஊர்கள் நிறைய இருக்காது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு தெரியும். பள்ளிக்கு விடுமுறை உண்டா இல்லையா என்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தானே ஊகிக்கப்படுகிறது :)

மழை பிடித்துக்கொண்டால் ஊரின் நாக்கு விழித்துக்கொள்ளும். முதலில் சுக்குக் காப்பி. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு, உடன்குடிக் கருப்பட்டியோடு கொதிக்க வைத்தது. அந்தக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கூடவே கோவில்பட்டி கடலை மிட்டாய், அதற்கு 2020-லேயே கிடைத்தது. இரவானால் பரோட்டா. மாலையில் திறக்கும் பரோட்டா கடைகளுக்கு இந்த ஊரில் 'நைட் கிளப்' என்று பெயர். வெளியூர்க்காரர் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திகைத்து நிற்பார். உள்ளே எண்ணெயில் மொறுமொறுவென்று வேகும் பொரிச்ச பரோட்டாவும், ஊற்றிக்கொள்ளச் சால்னாவும்தான் இருக்கும். வெளியே மழை, உள்ளே கல்லின் சூடு. கம்பளிச் சட்டைச் சிறுமிக்கு இது கிடைக்குமா?

ஒரே ஒரு பண்டத்துக்கு மட்டும் இந்தப் பருவம் ஆகாது. அது மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூளைச் சேர்த்து, மெல்லிய சூட்டில் உலர வைப்பது. போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பார்கள். அதில் உள்ள சீனி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் மழை நாளில் டப்பாவைத் திறந்து வைத்தால் சீக்கிரமே நமுத்துவிடும். ஆகவே வாங்கினால் உடனே தின்று தீர்ப்பதே புத்திசாலித்தனம்.

கார்த்திகை தீபத்தன்று இன்னொரு வாசனை எழும். பச்சைப் பனங்குருத்தோலையை நறுக்கி, அதற்குள் அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் கலந்த பிசைவை அடைத்து, ஓலையோடு அவித்தெடுக்கும் ஓலைக் கொழுக்கட்டை. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து வீடுகளில் அது இல்லாமல் கார்த்திகை இல்லை. ஓலையின் மணம் மாவில் இறங்கியிருக்கும். வெளியே சொக்கப்பனை எரிந்துகொண்டிருக்கும்.

சரி, பாட்டு? பாட்டு இல்லாமல் மழைக்காலம் ஏது!

இந்தக் கரையில் ஒரு தலைமுறைக்கு மழைக்கால இசை என்றால் அது கடல் தாண்டி வந்த இசை. இலங்கை வானொலி. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கை. மத்திய அலை வானொலி பகலைவிட இரவில் தெளிவாகவும் தொலைவாகவும் கேட்கும். பகலில் அந்த அலையை உறிஞ்சிவிடும் வளிமண்டல அடுக்கு, வெயில் போனதும் கரைந்துவிடுவதுதான் காரணம். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இந்தக் கரையில் பக்கத்து வீட்டுக் குரல்கள் மாதிரி. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகும் பலர் முள்ளைக் கொழும்புப் பக்கமே திருகினார்கள். ஐப்பசி வந்தால் ஒரு தொல்லை. எங்கோ மின்னல் வெட்டினாலும் பெட்டி 'கரகர' என்று இரையும். அந்த இரைச்சலுக்கு நடுவே கேட்ட பாட்டைத்தான் இன்றைக்கும் பல பெரியவர்கள் முழுசாக நினைவு வைத்திருக்கிறார்கள். தெளிவாகக் கேட்ட பாட்டை அப்படி ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை!

ஐப்பசி அமாவாசை கழிந்தால் திருச்செந்தூரில் கந்த சஷ்டி. ஆறு நாளும் கடற்கரை நிரம்பி வழியும். ஆறாம் நாள் அந்த மணலில்தான் சூரசம்ஹாரம். அந்த வாரம் மாவட்டத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒலிபெருக்கியில் கந்த சஷ்டி கவசம் கேட்கும். பெரும்பாலும் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில். மனப்பாடம் செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார்வதில்லை. மழைக்காற்றோடு காதில் விழுந்து விழுந்து தானாகவே மனப்பாடம் ஆகிவிடுகிறது.

இதே மாவட்டத்தில் இந்தப் பருவத்தோடு ஒட்டிய இன்னொரு பெரிய இசைக்கதை உண்டு. அதற்குக் கடலை விட்டு உள்ளே, கரிசல் காட்டுக்குள், எட்டயபுரம் போக வேண்டும். எட்டயபுரம் என்றதும் பாரதியார் நினைவுக்கு வருவார். ஆனால் பாரதி பிறப்பதற்கு 47 வருடம் முன்பு, 1835 தீபாவளி அன்று, அந்த ஊரில் முத்துசாமி தீட்சிதர் காலமானார். பிறந்தது திருவாரூர். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான், வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர். கடைசிக் காலத்தில் தம்பியின் ஊரிலேயே அண்ணன் கண்மூடினார். சீடர்கள் அப்போது பூர்விகல்யாணி ராகத்தில் அமைந்த 'மீனாக்ஷி மே முதம் தேஹி' என்ற அவருடைய கிருதியைப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அட்டக்குளத்தின் கரையில் இன்றும் அவரது நினைவிடம் இருக்கிறது. ஊரெல்லாம் வெடி வெடிக்கும் நாள் சங்கீதக்காரர்களுக்கு ஒரு நினைவு நாளும்கூட.

அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டதுதான் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தீட்சிதர் கிருதிகளை ஸ்வரக் குறிப்போடு காப்பாற்றித் தந்த பெரும் புத்தகம். மழை பார்த்துப் பிழைக்கும் ஒரு கரிசல் ஊர், இவ்வளவு இசையையும் நனையாமல் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறது.

அங்கே வழங்கும் கதை இது. தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் நிலம் வறண்டு வெடித்துக் கிடந்தது. மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது. அமிர்தவர்ஷிணிக்கு ஐந்தே ஸ்வரம். ஸ, க, ம, ப, நி. ரியும் தாவும் கிடையாது. ராகம் தெரியாதவர்களும் 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தின் 'தூங்காத விழிகள் ரெண்டு' பாட்டை நினைத்துக்கொண்டால் போதும், இளையராஜா இந்த ராகத்தில் போட்டதுதான். பாட்டுக்கு மழை வந்ததா என்று அறிவியல் கேட்கும், கேட்கட்டும். கதையின் மிச்சப் பகுதிதான் முக்கியம். சிலர் சொல்லும்போது அது அங்கே முடிவதில்லை. மழை நிற்காமல் பெய்து வெள்ளமாகிவிட, தீட்சிதர் மறுபடி பாடி அதை நிறுத்தினார் என்று முடிப்பார்கள்.

வரச் சொல்லவும் ஒரு பாட்டு, நிற்கச் சொல்லவும் ஒரு பாட்டு. இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது!

ஏனென்று பாருங்கள். எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மழை வந்தால்தான் சோறு. கடற்கரைக்கு வந்தால் உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருப்பதற்கு முக்கியக் காரணம் தூத்துக்குடி. ஜனவரி தொடங்கி செப்டம்பர் வரை பாத்தியில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன்னால் மூடி வைப்பார்கள். அத்தோடு அளத்து வேலை நின்றுபோகும். மூடிய உப்பு அம்பாரம்தான் இந்த ஊரின் உதிர்ந்த இலை. அதைப் பார்த்தே கூதிர் வந்ததைச் சொல்லிவிடலாம். ஆனால் அளத்துக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்தக் காட்சியின் அர்த்தம் வேறு. மூன்று மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது. வேலையில்லாத அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு அண்மைக் காலத்தில் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐயாயிரத்தை மூன்று மாதத்தால் வகுத்துப் பார்த்தால், நைட் கிளப் பரோட்டா எல்லார் வீட்டு மழைக்கும் உரியதல்ல என்பது புரியும்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. குவித்து வைத்த உப்பு கரைந்து போனது. அன்றைக்கு ஊரே தேடியது அந்த இரண்டாவது பாட்டைத்தான்.

அப்படியென்றால் மழையை ரசிப்பது தப்பா? இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. கூதிர் காலத்தைப் பற்றி நக்கீரர் 188 அடியில் பாடிய நெடுநல்வாடை. பாண்டியன் தலைநகரில் நடப்பது. அதில் சுகம் குறைவே இல்லை. குளிருக்கு அஞ்சிச் சாளரத்தை அடைக்கிறார்கள், நெருப்பு மூட்டுகிறார்கள். குளிரில் யாழின் நரம்பு சுருதி பிறழ்ந்துவிட, ஆடல் மகளிர் தம் உடம்பின் வெம்மையில் அதைத் தடவிச் சரிசெய்து பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு அழகான காட்சி! ஆனால் நக்கீரர் பாட்டை அங்கே தொடங்கவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போய், நனைந்து, கையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு நடுங்கும் இடையர்களில் தொடங்குகிறார். அவர்களைப் பார்த்த பிறகுதான் அரண்மனைக்குள் போகிறார். அங்கேயும் ராணிக்குச் சுகம் இல்லை. கணவன் போர்க்களத்தில். பொன்வளை அணிந்திருந்த கையில் இப்போது வலம்புரிச் சங்கு வளைதான்.

சங்கு என்றால் மறுபடியும் இந்தக் கடல்தான். முத்துக் குளிப்பு நின்று போய்விட்டது, தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-ல். சங்குக்கு அப்படி முடிவு வரவில்லை. இந்த வளைகுடாவின் சங்கு நெடுங்காலமாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே கல்யாணமான பெண்களுக்கு வளையலாகிறது, ஊதவும் பயன்படுகிறது. வங்காளிகளின் இலையுதிர் காலத் திருவிழா துர்கா பூஜை. பந்தலில் முழங்குகிற அந்தச் சங்குகளில் இந்தக் கரையில் யாரோ மூச்சடக்கி மூழ்கி எடுத்தவையும் இருக்கும். ஒரு ஊரின் பண்டிகை இசைக்குள் இன்னொரு ஊர்க்காரரின் மூச்சு!

ஆகவே ரசிக்கலாம், தாராளமாக ரசிக்கலாம். சுக்குக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு அமிர்தவர்ஷிணி கேட்கலாம். நக்கீரர் மாதிரி ஒரு தடவை வெளியேயும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் சரி. மழை விட்டதும் உப்பளத்தில் தேங்கிய நீரை வெளியேற்றி, சேறு வாரி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கும். தை பிறந்து வெயில் ஏறினால் பாத்தியில் முதல் உப்பு பூக்கும். தூத்துக்குடியில் வசந்தம் வந்துவிட்டது என்று அப்போது சொல்லிக்கொள்ளலாம். பூக்கிறது என்றுதானே உப்புக்கும் சொல்கிறார்கள்!