ஏழு சேலையில் ஒரு யன்னல்

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த அம்மாவுக்கு, வேலை கிடைத்த முதல் கிழமையே ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.

"என்ன வேலை பிள்ளை?"

"யன்னலுக்குச் சீலை தைக்கிற வேலை அம்மா."

"அதுக்கும் ஆள் வைச்சுச் சம்பளம் குடுக்கிறாங்களோ?"

அம்மாவைக் குறை சொல்ல ஏலாது. ஊரில் எங்கள் வீட்டு யன்னல் சீலை, பழைய வொயில் சேலையில் கிழித்த இரண்டு முழம். மேல் விளிம்பில் ஒரு மடிப்பு, அதற்குள் சுருள்கம்பி, இரு பக்கமும் ஆணி. கீழ்ப் பாதியை மறைத்தால் போதும். மேல் பாதி காற்றுக்கு.

நான் சேர்ந்த பட்டறை தென்லண்டனில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் இருந்தது. தலைக்கு மேலால் ரயில் போனால் ஊசிப் பெட்டி அதிரும். மேபெயர், செல்சிப் பக்கத்து நகர வீடுகளுக்கும் நோர்போக், குளோஸ்டர்ஷயர் பக்கத்துக் கிராமத்துப் பெரிய வீடுகளுக்கும் அங்கிருந்துதான் திரைகள் போகும். துணிக் கணக்கை அங்கே புதிதாகப் படித்தேன். மூன்று மீற்றர் உயர யன்னல் ஒன்று. துணியின் அகலம் 137 சென்ரிமீற்றர், சோடித் திரைக்கு நாலு அகலம் வேண்டும். துணியில் உள்ள ரோசாப்பூ 64 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை திரும்ப வரும். பக்கத்துத் துண்டின் பூவோடு அது இம்மியும் விலகாமல் பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொரு அகலத்துக்கும் 3.84 மீற்றர் வெட்ட வேண்டும். முன்துணி மட்டுமே 15 மீற்றரைத் தாண்டிவிடும். பின்னால் பருத்தி உள்துணி. இரண்டுக்கும் நடுவில், பட்டறையில் 'பம்ப்' என்று சொல்லும் போர்வை போலத் தடித்த பஞ்சுத் துணி. எல்லாம் கூட்டினால் 40 மீற்றருக்கு மேல். ஆறு யார் சேலை ஐந்தரை மீற்றர். ஒரு யன்னலுக்கு ஏழு சேலை என்று அம்மாவிடம் சொன்னதும் ரெலிபோனின் மற்றப் பக்கம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

மூன்று துணியையும் நழுவாமல் சேர்த்துப் பிடிப்பது கைத்தையல்தான். சீலை நேராக விழுவதற்குக் கீழ் மூலைகளுக்குள் ஈயக் குண்டு வைத்துத் தைப்போம். நீளத்தில் இரண்டங்குலம் கூடுதலாக விட்டு, நிலத்தில் புரள விடுவோம். முதல் நாள் அதைப் பிழை என்று எண்ணி அடித்தையலைப் பிரிக்கப் போக, பட்டறையின் மூத்த தையற்காரி என் கையைப் பிடித்துவிட்டார். நிலத்தோடு அணைந்தால்தான் கீழால் வரும் குளிர் நிற்குமாம். இந்த நாட்டு வீட்டு அலங்காரத்தில் பாதி, குளிர்காற்றோடு பிடித்த சண்டை. சாய்கதிரையின் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைகள், கட்டிலைச் சுற்றி நாலு தூணும் திரையும், கதிரைகள் எல்லாம் கணப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பது, எல்லாம் அதற்காகத்தான். வெந்நீர்க் குழாய் வந்து வீடு சூடான பிறகும் அந்த வடிவங்கள் எழும்பிப் போகவில்லை.

என்னைத் திகைக்க வைத்தது தேத்தண்ணி. விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படியொரு புத்தம்புது லினன் துணியை வாளி வாளியாகத் தேத்தண்ணி வைத்து அதில் தோய்த்து எடுத்தார்கள். வெள்ளை மங்கி, பூக்கள் முப்பது வருட வெயில் பார்த்தவை போலாகிவிடும். வாளிக்குள் இருந்தது எந்த நாட்டுத் தேயிலையோ. எங்கள் மலையகத்துத் தேயிலை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

புதிதைப் பழசாக்கும் இந்தக் கைவேலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் இருவரை எங்கள் பட்டறையில் குலதெய்வம் போலப் பேசுவார்கள். ஒருவர் ஜோன் பௌலர், 1906-இல் பிறந்தவர். தளபாடங்களுக்கு வர்ணம் தீட்டும் வேலையில் தொடங்கி, பிறகு நாஷனல் ட்ரஸ்ட்டின் பழைய மாளிகைகளுக்கு ஆலோசகரானவர். சுவரைச் சுரண்டி அடியில் என்னென்ன வர்ணம் கிடக்கிறதென்று பார்ப்பார். ஒரே சுவரின் சட்டங்களுக்கு மூன்று விதமான வெள்ளை அடிக்கச் சொல்லுவார். மற்றவர் நான்சி லங்காஸ்டர். 1940களில் கோல்பாக்ஸ் அன்ட் பௌலர் என்ற வீட்டு அலங்கார நிறுவனத்தை வாங்கி, பௌலரோடு சேர்ந்தும் சண்டை பிடித்தும் வேலை செய்தவர். மேபெயரில் புரூக் வீதி 39ஆம் இலக்கத்தில் அவர் தனக்கென்று ஆக்கிய மஞ்சள் அறை, வெண்ணெய் மஞ்சளில் மினுங்கும் சுவரோடு, லண்டனின் நகர வீட்டு அறைகளுக்கு இன்றுவரை பாடம். கிராமத்து வீட்டின் சாவதானத்தை, மங்கிய பூத்துணியும் மேசைக்கு மேசை விளக்கும் புத்தகமுமாக, நகரத்துக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

இந்த நான்சி இங்கிலாந்துக்காரியே இல்லை. அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்தவர். முழு இங்கிலாந்தும் தன் பாட்டி காலத்துப் பழக்கமென்று நம்புகிற ஒரு பாணியில் பாதியைக் கடல் கடந்து வந்த ஒரு பெண் செய்து கொடுத்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தப் பட்டறையில் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

திரை மாட்டப் போகிற நாளில் சிலவேளை என்னையும் கூட்டிப் போவார்கள். குளோஸ்டர்ஷயரில் ஒரு வீடு. வாசலால் நுழைந்ததும் சேற்றுச் சப்பாத்து, நாய் மணம், ஈர மழைக்கோட்டு. இருப்பறையில் செற்றிகள் நாலு, ஒன்றுக்கொன்று உறவில்லாத துணிகளில். ஒன்றின் கைப்பிடி பிய்ந்து உள்ளே தும்பு தெரிந்தது. மேலே நாய் படுத்திருந்தது. எங்கள் சொந்தக்காரர் யாரும் பார்த்தால் அந்த வீட்டுக்காரருக்குக் கஷ்டகாலம் என்று காசு சேர்த்திருப்பார்கள். நான் பிய்ந்த கைப்பிடியைப் பார்ப்பதைக் கண்ட வீட்டுக்கார அம்மா, "அதைத் தொடவேண்டாம், என் மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தான்" என்றார். குரலில் வெட்கம் ஒரு துளி இல்லை, பெருமைதான்.

அந்தப் பெருமையின் அர்த்தம் பிறகுதான் பிடிபட்டது. மார்கரெட் தாட்சர் காலத்து அமைச்சர் ஒருவரைப் பற்றி, அவர் தன் தளபாடங்களையெல்லாம் காசு கொடுத்து வாங்கியவர் என்று சொந்தக் கட்சிக்காரரே நக்கலடித்த கதை இங்கே பிரசித்தம். வாங்கியதுதான் குற்றம். மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் பரம்பரையாகத் தானாக வந்திருக்க வேண்டும். ஒரு சூட்கேசோடு வந்திறங்கிய எனக்கு அது நல்ல பகிடி. எங்களுடைய எல்லாமே வாங்கியவை. அதனால்தான் புதுச் செற்றியின் பிளாஸ்ரிக் உறையை நாலு வருடம் கழற்றாமல் வைத்திருந்தோம். அவர்கள் புதிதைத் தேத்தண்ணியில் தோய்க்கிறார்கள், நாங்கள் புதிதைப் பிளாஸ்ரிக்கால் மூடுகிறோம். ஹரோவில் வாங்கிய 1930களின் வீட்டில் என் கணவர் முதலில் செய்த வேலை, கணப்பை இடித்து அடைத்ததும் சுவரைச் சுற்றி ஓடிய படம் மாட்டும் மரச்சட்டத்தைப் பிடுங்கியதும். பக்கத்து வீட்டுக் கிழவர் குப்பைத் தொட்டிக்குள் கிடந்த சட்டத்தைச் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது மகள் அதே சட்டத்தைத் திரும்பப் பூட்டவேண்டும் என்கிறாள். சுவருக்கு 'செத்த சாமன்' என்றொரு நிறமாம். ஃபாரோ அன்ட் போல் என்ற வர்ணக் கம்பனியின் பெயர்வைப்பு. சாமன் மீனின் நிறம், 'செத்த' என்றால் மினுக்கமில்லாத பூச்சு, கெடில்ஸ்டன் மாளிகையின் 1805ஆம் ஆண்டு வர்ணப் பற்றுச்சீட்டில் கண்டெடுத்த பெயர் என்று அவள் விளக்கம் சொன்னாள். "மீன் செத்தால் சந்தையிலை விலை குறையும், இங்கை கூடுதோ?" என்றார் என் கணவர்.

பட்டறையில் நான் அதிகம் தைத்தது 'சின்ஸ்' என்கிற பூத்துணி. மினுக்கம் ஏற்றிய பருத்தியில் ரோசாவும் பியோனியும். இதைவிட இங்கிலாந்துத்தனமான துணி இல்லை என்பார்கள். 1996-இல் ஐக்கியா கடை இந்த நாட்டுப் பெண்களைப் பார்த்து அதைத் தூக்கி எறியச் சொல்லி விளம்பரமே செய்தது. 'சின்ஸ்' என்பது எங்கேயோ கேட்ட சொல். தமிழ்நாட்டில் சீட்டித் துணி, எங்கள் ஊரில் சீத்தை. அம்மம்மா சீத்தைத் துணியில்தான் எங்களுக்குச் சட்டை தைப்பா. எல்லாமே வட இந்தியச் 'சீண்ட்' என்ற சொல்லின் பிள்ளைகள்.

விக்ரோரியா அன்ட் அல்பேட் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற நடிகர் டேவிட் கரிக்கின் வீட்டுக் கட்டில். அதன் திரை மசூலிப்பட்டினத்தில் கையால் தீட்டிய சீத்தை, கல்கத்தா வியாபாரிகள் கரிக்கின் மனைவிக்கு அனுப்பிய பரிசு. வந்திறங்கியதும் சுங்கக்காரர் பறித்துக்கொண்டார்கள். உள்ளூர் நெசவாளருக்குப் பிழைப்பில்லாமல் போகிறதென்று 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணிகளைத் தடுத்திருந்த காலம். இன்று பாட்டி வீட்டு அடையாளமாக இருக்கும் துணி, அன்று கள்ளச்சரக்கு. விசா இல்லாமல் வந்து, பிடிபட்டு, கடைசியில் இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்ட துணி என்று எனக்குள் சொல்லிச் சிரித்தேன். பிறகு அதன் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தியாவின் கிழக்குக் கரை எங்கும் அந்தச் சிவப்பு சாயவேரில் எடுப்பது. கிருஷ்ணா நதிக் கழிமுகத்துச் சாயவேருக்குப் பெரிய பெயர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்தில் மணலைத் தோண்டி அதே வேரை எடுத்திருக்கிறார்கள். ஒல்லாந்தரின் வியாபாரக் கம்பனிக்கு அது நல்ல வருமானம். கட்டில் திரையைப் பின்பக்கம் பார்க்க ஆசையாக இருந்தது. தையல் எப்படியென்று பார்க்கத்தான். காவலாளி விடவில்லை.

ஊரில், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், போர்க்காலத்தில் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை ஆமி விட்டது 2016-இல். தம்பியோடு போய்ப் பார்த்தேன். சுவர்கள் நின்றன. கூரை மரம் இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. எடுக்கக்கூடிய மரம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. விறாந்தை, குசினி, யன்னல், அலுமாரி, கதிரை என்று எந்தச் சொல்லைச் சொன்னாலும் போர்த்துக்கேயரிடம் வாங்கியது. அந்தச் சொற்கள் மட்டும் வீட்டில் மிச்சம். அப்பாவின் சாய்மனைக் கதிரை கிடந்த மூலையில் ஒரு வேப்பங்கன்று ஆளுயரத்துக்கு நின்றது. நடு அறையின் யன்னல் ஓட்டையால் பக்கத்துக் காணிப் பனைகள் தெரிந்தன.

எப்போது கைப்பையைத் திறந்தேனோ தெரியாது, அளவுநாடா கையில் இருந்தது. அகலம் 112 சென்ரிமீற்றர், உயரம் 140. வலது பக்கச் சுவர் கொஞ்சம் உதிர்ந்திருந்ததால் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதினேன்.

"என்னக்கா செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை. அளவெடுக்கிறன்."

"முதல்லை கூரையைப் போடுவம்" என்றான் தம்பி. "அந்த நுனியை நான் பிடிக்கட்டோ?"