ஒரு பல்பும் நான்கு ஜோடிக் கண்களும்

கல்யாண வீட்டில் பீரோ சாவி தொலைந்தால் பெரியவர் தேடத் தொடங்குவார். அவர் பின்னால் மொத்த வீடும் தேடும். அடுப்பில் பால் பொங்கி வழிவதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். இறங்கும் நேரத்தில், முன்சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் ஆட்டோபைலட்டிடம் விட்டார்கள். துணை விமானி விளக்கைக் கழற்றப் போராடினார். சக்கரத்தைப் பார்த்துவரப் பொறியாளரைக் கீழே அனுப்பிய கேப்டனின் கவனமும் அந்த விளக்கிலேயே. காக்பிட்டில் வந்திருந்த பராமரிப்பு நிபுணரும் பொறியாளருக்கு உதவப் போய்விட்டார். இதற்கிடையே ஸ்டியரிங்கில் தெரியாமல் ஏதோ பட்டு, உயரத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு விடுபட்டது. விமானம் மெல்ல மெல்ல இறங்கியது. எச்சரிக்கை மணி ஒலித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. யார் காதிலும் ஏறவில்லை.

எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்த விமானத்தில் இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் ஃபியூஸ்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மனம் வரவில்லை. கவனம் வேண்டிய மட்டும் இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. கேப்டன் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: பல்பை நீங்கள் பாருங்கள், விமானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

1978-இல் போர்ட்லாந்து அருகே மறுபடியும் சக்கரக் கவலை. யுனைடெட் ஏர்லைன்ஸ் 173 விமானம் வட்டமடித்தே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் பலி. எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொல்லியும் அது கேப்டனுக்கு உறைக்கவில்லை. மறு ஆண்டு நாசா இத்தகைய விபத்துகள் குறித்து ஒரு பட்டறை கூட்டியது. 1981-இல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் புதுப் பயிற்சி தொடங்கியது: கேப்டன் வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் கேட்கவும் பழகவேண்டும், இளையவர் உரக்கச் சொல்லப் பழகவேண்டும். மூத்த கேப்டன்கள் சிலர் இதைக் கேலி செய்தார்கள். செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் பயிற்சியின் பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. யுனைடெட் 232-இன் வால் எஞ்சின் நடுவானில் வெடித்தது. விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. கேப்டன் அல் ஹேன்ஸுக்கு ஸ்டியரிங்கால் ஒரு பயனும் இல்லை. பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னி ஃபிட்சிடம் மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசைகளைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைக் கவனித்தார். சூ சிட்டியில் மோதி இறங்கியபோது 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

காக்பிட் உரையாடல் எழுத்தில் கிடைக்கிறது. அதில், முப்பது வருடத்துக்கும் மேல் ஓட்டிய அந்தக் கேப்டன் மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகள் ஏராளம்.