சனிக்கிழமை 12 மணிக்கு நான் எழுந்து வரமாட்டேன்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை பகல் 12 மணிக்கு ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியும் மோதுகின்றன. இங்கே இதற்குத் தனியாகப் பெயர் வேண்டியதில்லை. 'அந்த ஆட்டம்' என்றாலே போதும். 1897-இல் தொடங்கிய பகை இது. 1918 முதல் 2019 வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் நடந்திருக்கிறது. கொலம்பஸில் இந்த வாரம் வளாகத்துப் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்துகளை எல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். மிச்சிகன் என்று வாயால் சொல்லமாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த அணி' என்பார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகள்தான் எனக்கு நினைவுக்கு வருவார்கள். காரணம்தான் வேறு.

நான் வடக்கே இருக்கிற அந்த அணியின் பக்கம். இந்த வருடம் எங்கள் நிலைமை வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஜனவரியில் தேசியச் சாம்பியன் ஆனோம். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போய்விட்டார், ஜே.ஜே. மெக்கார்த்தியும் போய்விட்டான். இப்போது 11 ஆட்டங்களில் 6 வெற்றி, 5 தோல்வி. அவர்களோ 10 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, அதுவும் ஆரெகனிடம் ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில். பந்தயம் கட்டுகிறவர்கள் மிச்சிகன் ஏறக்குறைய 20 புள்ளிகளில் தோற்கும் என்கிறார்கள். மிச்சிகன் ஜெயிக்கும் என்கிறேன் நான். ரசிகையின் வெறும் ஆசை இல்லை, கணக்கு இருக்கிறது.

முதலில், எனக்கு ஏது இந்தக் கணக்கு என்று கேட்பீர்கள். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. 2008-இல் எச்-4 விசாவில் வந்தவள். இன்னாரின் மனைவி என்ற அடையாளத்தில் இந்த நாட்டில் வாழலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் செய்யக்கூடாது என்று சொல்லும் விசா அது. எங்களில் ஒரு பகுதியினருக்கு 2015-இல்தான் வேலை செய்ய அனுமதி வந்தது. அந்த ஏழு வருடச் சனிக்கிழமைகளை நான் ஃபுட்பாலை வைத்துத்தான் கடந்தேன். நான் பார்க்க ஆரம்பித்த வருடம் மிச்சிகன் 3 வெற்றி, 9 தோல்வி. ஜெயிக்கிற அணி என்று பார்த்துச் சேரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

சடுகுடு பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். இதுவும் மண்ணைப் பிடிக்கிற ஆட்டம். நான்கு முயற்சிகளில் 10 கஜம் முன்னேற வேண்டும்; முடிந்தால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும், முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. எல்லாக் கண்களும் பந்தை எறிகிறவனையும் பிடிக்கிறவனையும் பார்க்கும். எனக்குப் பிடித்தவர்கள் முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து கனத்த பையன்கள். பெரும்பாலும் அவர்கள் பந்தோடு ஓடுவதில்லை. அவர்கள் வேலை சரியாக நடந்தால் நடந்ததே யாருக்கும் தெரியாது. தவறினால் மட்டும் மைதானம் முழுக்க எண்ணைச் சொல்லி அறிவிப்பார்கள். அடுக்களையில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

என் கணக்கு அந்த ஐந்து பேரில்தான் இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட்டின் வரிசை சிதைந்து கிடக்கிறது. இடது ஓரத்துக் காவலன் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஆரெகன் ஆட்டத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். நடுவில் நின்று பந்தைக் கொடுக்கிற செத் மெக்லாஃப்லினுக்கு இந்த மாதம் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. அந்த நடுப்பகுதிக்கு எதிரே எங்கள் ஆட்கள் இருவர் நிற்கிறார்கள்: 55-ஆம் எண் மேசன் கிரஹாம், 78-ஆம் எண் கென்னத் கிராண்ட். அந்த இருவர் மேல் மோதி ஓடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். புத்தியுள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாமல், முதலாம் ஆண்டுப் பையனாக இருந்தும் யாராலும் பிடிக்க முடியாத ஜெரமையா ஸ்மித்துக்கு நாள் முழுக்கப் பந்தை எறிவார்கள். அப்படிச் செய்தால் எங்கள் கதை முடிந்தது.

ஆனால் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறேன். காரணம் அவர்களுடைய பயிற்சியாளர் ரயன் டே. 2021-இல் மிச்சிகன் அவர் அணியைத் தரையோடு ஓடியே தோற்கடித்தது, 297 கஜம். அன்றிலிருந்து 'சாஃப்ட்' என்ற சொல் அவரைத் துரத்துகிறது. நம் ஊரில் இதற்குப் 'பொட்டை' என்பார்கள். இங்கே சொல் நாகரிகமாகியிருக்கிறது, பொருள் அதேதான். போன வருடம் நோட்ர டாமைக் கடைசி நொடியில் வென்ற கையோடு, தன் அணிக்கு முரட்டு பலம் இல்லை என்று சொன்ன 86 வயது முன்னாள் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸை நேரலையில் கூவி அழைத்துச் சண்டைக்கு நின்றார் டே. வென்ற மனிதன் ஒரு கிழவரோடு மல்லுக்கு நின்ற அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. மிச்சிகனிடம் தொடர்ந்து மூன்று முறை தோற்றவர் அவர். ஆண்மையை நிரூபிக்க வேண்டும் என்கிற அரிப்பு இருக்கிற ஆள், சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய் முட்டுவான்.

பெண்ணியம் பேசிக்கொண்டு இந்த முரட்டு ஆட்டத்தை எப்படிப் பார்க்கிறாய் என்று ஒரு தோழி கேட்டாள். பெண்ணியம் பேசுவதால்தான் எனக்கு இது தெரிகிறது என்றேன். ஆனால் அவள் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை இப்படித் தட்டிவிட முடியாது.

ராபர்ட் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1966 முதல் 2003 வரை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். ஃபுட்பால் வீரர்களைப் பரிசோதித்தவரும் அவர்தான். பரிசோதனை என்ற பெயரில் அவர் செய்த பாலியல் வன்முறைக்காக 2022 ஜனவரியில் பல்கலைக்கழகம் 1,050 பேருக்கு 49 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் ஆண்கள். மலைபோல இருந்தவர்கள். பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இந்த ஊருக்குக் கடவுள் மாதிரி. அவரிடம் போய்ச் சொன்னபோது 'கெட்டியாக இரு' என்று பதில் வந்ததாக ஒரு முன்னாள் வீரர் பின்னாளில் சொன்னார். பத்து வயதில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னதற்கு அப்பா தன்னை அடித்தார் என்று ஷெம்பெக்லரின் மகன் ஒருவரே 2021-இல் பேசினார். குடும்பத்தில் மற்றவர்கள் அதை மறுத்தார்கள். எதிரணியைப் பார்த்து ஏளனம் செய்யவும் வழியில்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர் குறைந்தது 177 மாணவர்களிடம் இதையே செய்ததாக அந்தப் பல்கலைக்கழகம் நியமித்த விசாரணை 2019-இல் சொன்னது. ஓடிவருகிறவனை மார்பால் தடுக்கப் பழகிய பையன்களுக்கு, பரிசோதனை அறையில் நடந்ததைச் சொல்ல நாற்பது வருடம் ஆயிற்று. 'சாஃப்ட்' என்ற அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

ஷெம்பெக்லர் பெயரில் கட்டடம் இன்னும் நிற்கிறது. நானும் இன்னும் பார்க்கிறேன். இரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க நான் தயாராக இல்லை.

பெண்களுக்கு இங்கே என்ன இடம் என்றால், ஓரத்தில் நின்று ஆடலாம், ஒலிவாங்கி பிடிக்கலாம். இரு பல்கலைக்கழகங்களின் அணிவகுப்பு வாத்தியக் குழுக்களில்கூட 1972-இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகுதான் பெண்கள் நுழைய முடிந்தது. இந்த அக்டோபர் முழுக்க ஆட்ட இடைவேளைகளில் திருநங்கையரை இழிவுபடுத்தும் தேர்தல் விளம்பரங்கள் ஓடின. அதைப் போட்டவர்களுக்குத் தாங்கள் யாரோடு பேசுகிறோம் என்பது தெரிந்திருந்தது. அந்த வரவேற்பறைகளில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் தெரியாது.

ஒரு தேதியை மட்டும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1918-க்குப் பிறகு முதல் முறையாக 2020-இல் அந்த ஆட்டம் கொரோனாவால் நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டிய நாள் டிசம்பர் 12. அதே நாளில் டென்னசியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் சாரா ஃபுல்லர் களத்தில் இறங்கிப் பந்தை உதைத்து இரண்டு புள்ளிகள் எடுத்தாள். உலகம் விளையாடும் கால்பந்தில் கோல்கீப்பர் அவள். பெரிய ஐந்து கல்லூரிக் கூட்டமைப்புகளின் ஆட்டத்தில் புள்ளி எடுத்த முதல் பெண். அவள் அணி படுதோல்வி அடைந்தது. அதனால் என்ன, அந்த இரண்டு புள்ளி அட்டவணையில் இருக்கிறது.

இனி எங்கள் வீட்டு ஆட்டம். 'அந்த ஆட்டம்' இப்போதெல்லாம் வழக்கமாகத் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை வரும். வியாழன் விருந்துக்குச் சமைத்த பெண்களே சனிக்கிழமையும் சமைப்பார்கள். வீடு நிறைய ஆட்கள். ஆண்கள் சோபாவில். நான்காவது முயற்சி வரும்போதுதான் "அண்ணி, கொஞ்சம் ரைத்தா இருக்கா?" என்று குரல் வரும். போன வருடம் 30-24 என்று முன்னிலையில் இருந்தோம். 25 வினாடி மிச்சம், ராட் மூர் எதிரணியின் பந்தைப் பறித்து ஆட்டத்தையே முடித்துவிட்டான். கூச்சல் கேட்டு வடைக் கரண்டியோடு ஓடிவந்து நான் பார்த்தது மறு ஒளிபரப்பு. "மிஸ் பண்ணிட்டீங்களே அக்கா" என்று எனக்கு விளக்கம் சொன்னவர், குவார்ட்டர்பேக்கின் பெயரைத் தப்பாகச் சொன்னார். அவர் தட்டில் என் வடை.

எனவே இந்த வருடம் அழைப்பிலேயே எழுதிவிட்டேன்: அவரவர் சாப்பாடு அவரவர் கொண்டுவரவும். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார்தான்.

"ஏம்மா, வீடு தேடி வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடையாதா?"

"பிளாஸ்க்ல இருக்கும் அத்தை. ஊத்திக்கிட வேண்டியதுதான்."

"யாரு ஊத்துறது?"

"குடிக்கிறவுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த ரெண்டு தடியன்களும் இந்த வாரமும் ஆடுவான்களா என்று கேட்டார். நார்த்வெஸ்டர்னை 50-6 என்று அடித்த போன சனிக்கிழமை என்னோடு உட்கார்ந்து பார்த்ததில் 55-ஐயும் 78-ஐயும் எண் வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார்.

சனிக்கிழமை கொலம்பஸில் உறைய வைக்கும் குளிர் இருக்கும் என்கிறது வானிலை அறிக்கை. விரல் விறைத்தால் பந்தை எறிவது கடினம், ஓடுகிற அணிக்கு நல்லது. எங்களுக்குக் கேலல் மல்லிங்ஸ் ஓட வேண்டும், டேவிஸ் வாரன் பந்தை எதிரியின் கையில் கொடுக்காமல் இருக்க வேண்டும். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பிள்ளை, அவனைத் திட்ட மனம் வருவதில்லை, திட்டுவேன். டாமினிக் ஸ்வாடா எவ்வளவு தூரத்திலிருந்தும் உதைப்பான். ஒஹாயோ ஸ்டேட் முதல் இருபது நிமிடத்தில் நடுவில் ஓடுகிறதா, ஓடி முட்டியும் மறுபடி அங்கேயே ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடினால் 17-14, எங்கள் பக்கம். அத்தைக்கு என் வலது பக்கம் இடம் போட்டிருக்கிறேன், திரை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.