சூட்டுக்கோல்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தபோது 'பிரோகிரவ்யூர்' என்றொரு வார்த்தை கற்றேன். சூட்டுமுனையால் மரத்தில் படம் எழுதுவது. பழவேற்காடு வந்தபின் அதுவே பைத்தியமாயிற்று.

சால்டரிங் அயர்ன் போதவில்லை. பூவரசில் பட்டதும் சூடு இறங்கிவிடும். பழைய இன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மரில் தடித்த தாமிரக் கம்பியைச் சில சுற்று மட்டும் சுற்றினேன். வோல்ட் இரண்டுதான், ஆம்பியர் இருபதுக்கு மேல். ஹீட்டர் சுருளின் நிக்ரோம் கம்பியை வளைத்து முனையாக்கினேன். நொடியில் செக்கச் சிவந்தது! (விரலும் ஒருமுறை சிவந்தது.)

கடைசல்கார நண்பர் இறப்பதற்கு முன் கடைந்து தந்த கிண்ணம் ஒன்றே ஒன்று. அதில் ஏரிப் பூநாரை வரைந்தேன். குமாஸ்தா கை, கழுத்தை முடிக்கும்போது நடுங்கி நின்றுவிட்டது. பெரிய கருந்தழும்பு. உப்புத்தாள் போட்டும் போகவில்லை.

தயங்கித்தான் அவர் மனைவியிடம் கொடுத்தேன். தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"இருக்கட்டும் அண்ணே, மீன் முழுங்குது."

இப்போது அதில் வெற்றிலை வைத்திருக்கிறார்.