செய்திக்குக் கீழே இருக்கும் எண்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் எங்கள் டெஸ்க்குக்கு இரண்டு வகைச் செய்திகள் வரும். ஒன்று, அதிக மார்க் வாங்கியவர்களின் பேட்டி. இன்னொன்று, டைப் செய்யவே கை வராத செய்தி. அதற்குக் கீழே 104, 044-24640050 என்று இரண்டு எண்களைச் சேர்ப்போம். முதலாவது அரசின் உதவி எண். இரண்டாவது எண்ணுக்குரிய இடம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் பார்க் வியூ ரோட்டில் இருக்கிறது.

சினேகா. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம். போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். உபதேசம் கிடையாது, 'ஏன் இப்படிச் செஞ்ச?' என்ற விசாரணையும் கிடையாது. பேசுவதைக் கேட்பார்கள். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று ஆரம்பிக்காமல் கேட்க நம் வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறோம்? தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே எழுத வழிசெய்யும் துணைத்தேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். பத்து தன்னம்பிக்கை வகுப்புகளைவிட இது பெரிய காரியம் என்பேன்.

அங்கிருந்து மந்தைவெளி வழியாக நடந்து, ராமகிருஷ்ண மடம், கபாலீஸ்வரர் கோயில் குளம், லஸ் கார்னர் எல்லாம் தாண்டினால் சர் பி.எஸ்.சிவசாமி சாலை. இங்கே இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லத்தின் கதை இன்னும் பழையது. கோவையில் கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்ட சுவாமி ராமகிருஷ்ணானந்தர், 1905-ல் ஒரு வாடகை வீட்டில் இதை ஆரம்பித்தார். சொந்தக் கட்டடம் 1921-ல்தான் வந்தது. நடுவில் இருந்த பதினாறு வருடங்கள் ஓடியதற்குக் காரணம் ராமசாமி ஐயங்கார், ராமானுஜாச்சாரியார் என்ற இரண்டு உறவினர்கள். ராமு, ராமானுஜு என்றால்தான் அந்தக் கால மயிலாப்பூருக்குத் தெரியும். ராமானுஜாச்சாரியார் தலைமைச் செயலக ஊழியர்களைச் சேர்த்து நாடகம் போட்டு, வசூலை இல்லத்துக்குக் கொடுத்தார். ரீல்ஸும் கிரவுட் ஃபண்டிங்கும் இல்லாத காலத்தில் மேடைதான் மீடியா!

இங்கே ஏழை மாணவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். தினமும் பிரார்த்தனை உண்டு. பிரார்த்தனை மட்டுமே ஒரு பையனைத் தேற்றிவிடுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால், இல்லத்து வேலைகளை மாணவர்களே முறைவைத்துச் செய்யும் வழக்கமும் கூடவே இருக்கிறது. யாருமில்லை என்று வந்தவனுக்கு, 'இன்னிக்கு இது உன் பொறுப்பு' என்று ஒருவர் சொல்வது சின்ன விஷயமில்லை.

சரி, இது பையன்களுக்கு. பெண் பிள்ளைகளுக்கு? அதற்கு தி.நகர் போக வேண்டும். அங்குள்ள சாரதா வித்யாலயாவை 1927-ல் தொடங்கியவர் சகோதரி சுப்பலட்சுமி. சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்து, 1911-ல் பட்டம் வாங்கியவர். தன்னைப் போன்ற இளம் விதவைகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் படிக்கவைக்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடம்!