அந்தியூரில் ஒரு ‘மாதிரி’ மாடு!

ஆடி மாசம் அந்தியூருக்குப் போனால் காற்றிலேயே குதிரை வாசனை. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற சந்தை. திப்பு சுல்தானே இங்கே குதிரை வாங்கியிருக்கிறார் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்த மார்வாரி, கத்தியவாரி. இந்தப் பக்கம் காங்கேயம் காளை, வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மலைமாடு. வேடிக்கை பார்க்க வருகிற கூட்டமும் ஏகம். அடியேன் அந்த ரகம். எனக்கு வருகிற சன்மானத்துக்கு லாடம்தான் வாங்கலாம்!

கூட வந்த நண்பன் திருப்பூர் பனியன் ஏற்றுமதி ஆபீஸில் குமாஸ்தா. இத்தாலிக்காரர்களோடு பேசுவதற்காகப் புத்தகம் வைத்து இத்தாலியன் படிக்கிறான். வழியெல்லாம் ஒரே புலம்பல். ‘செர்க்கோ உன் கவால்லோ கே ஏ கல்மோ’ என்றால், சாதுவான குதிரை ஒன்று எங்கோ நிற்கிறது, அது எனக்குத் தெரியும், அதைத் தேடுகிறேன். அந்த ‘ஏ’ போய் ‘சீயா’ வந்தால், அப்படி ஒன்று கிடைத்தால் தேவலை. உலகத்தில் இருக்கிறதா என்பது கடவுளுக்கே வெளிச்சம்!

“ஆசைப்படறதுக்குத் தனி வினைச்சொல்லாடா? நம்ம பாஷையில இந்த வம்பெல்லாம் உண்டா?” என்றான்.

உண்டு. மாட்டுப் பக்கம் ஒரு பெரியவர் தரகரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஏனுங்க, வேத்தாள் கறந்தாலும் காலைத் தூக்காத மாதிரி ஒரு மாடு வேணுமுங்க. வூட்டுக்காரிக்குக் கை முடியலீங்க. இனிப் பள்ளிக்கூடம் போற புள்ளதான் கறக்கோணும்.”

அந்த ‘மாதிரி’தான் ஐயா, நம்ம ஊர் ‘சீயா’! அப்படியொரு மாட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை. மனசில் மட்டும்தான் கட்டிவைத்திருக்கிறார்.

வேற்றுமை உருபும் இதே வேலையைச் செய்யும். ‘மாடு தேடறேன்’ என்றால் தரகர் வருவார். ‘மாட்டைத் தேடறேன்’ என்றால் “எப்பங்க காணாமப் போச்சு?” என்பார்கள். கல்யாணமாகாத வாசகர்கள் கவனிக்க: ‘பொண்ணு தேடறோம்’ என்பது சுபகாரியம், ‘பொண்ணைத் தேடறோம்’ என்பது போலீஸ் ஸ்டேஷன்.

பெரியவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு மாட்டிடமும் குந்தி உட்கார்ந்து, தானே மடியைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது விட்ட உதையில் துண்டு பறந்தது. ஐந்தாவது, ஒரு வயசான சிவப்பு மாடு, அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. மறுபடி தொட்டார். அசையவில்லை. எழுந்து, மடியில் முடிந்திருந்த பணத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“இந்த மாட்டையே பேசுங்க.”

‘மாதிரி’ போய் ‘ஐ’ வந்துவிட்டது. தரகர் காதில் அது விழாமலா இருக்கும்? தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். விரல் பேச்சு ஆரம்பமானது.